பிடுங்குகிற கை

தோட்டம் போடுகிறவனைப் பற்றி உலகத்தில் நல்ல அபிப்பிராயம் இருக்கிறது. செடி வளர்க்கிறவன் இரக்கமுள்ளவன், பொறுமைசாலி, யாருக்கும் கெடுதல் நினையாதவன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. தோட்டக்காரனுக்கும் இரண்டு கைகள் உண்டு. ஒன்று நடுகிற கை. மற்றொன்று பிடுங்குகிற கை. நடுகிற கையைப் பற்றிப் புலவர்கள் முதல் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகங்கள் வரை எல்லாரும் பேசியாயிற்று. நான் பிடுங்குகிற கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

களை பிடுங்குவதை நான் சொல்லவில்லை. களை அழையாமல் வந்தது; பயிரின் சோற்றில் பங்கு கேட்பது. அதைப் பிடுங்குவதற்கு யாரும் நியாயம் கேட்பதில்லை. நாமே வேண்டி விரும்பி, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவி, காய் பிடித்திருக்கிறதா என்று தினம் தினம் குனிந்து பார்த்து, விதை எடுத்து, முளைக்க வைத்து, இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்து, கடைசியில் அது பூத்த அன்றைக்கு, "இது வேண்டாம்" என்று வேரோடு பிடுங்கி எறிகிறோமே, அதைச் சொல்கிறேன். அந்தச் செடி செய்த குற்றம் என்ன? அதற்கு நாம் வைத்த பரீட்சை யார் வகுத்தது?

நெய்வேலியில் எனக்குத் தெரிந்த ஒருவர் இந்தக் காரியத்தைப் பல வருஷமாகச் செய்து வருகிறார். சுரங்கத்தில் வேலை, நகரியத்தில் ஒரு வட்டத்தில் குடியிருப்பு. நெய்வேலியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1957-இல் சுரங்க வேலை தொடங்கிய பிறகு, வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டிய ஊர் அது. தெருவுக்குத் தெரு மரம். சிறிய வீடானாலும் சுற்றிலும் கொஞ்சம் மண் இருக்கும். முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன சீமையின் செம்மண். எட்டு மணி நேரம் பூமியின் வயிற்றைக் கிண்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவன், மேல் மண்ணை ஒரு கொத்துக் கொத்தி ஏதாவது நடுவோம் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. பெரும்பாலோர் வாழை, முருங்கை, செம்பருத்தி என்று வைக்கிறார்கள். இவர் வைத்திருப்பது 'டே லில்லி'.

லில்லி என்று பெயரே தவிர அது லில்லி இல்லை. இன்றைய தாவர சாஸ்திரிகள் அதைக் கற்றாழையின் குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். சொந்த ஊர் சீனாவும் ஜப்பானும் கொரியாவும். சீனர்கள் அதன் மொட்டைக் காயவைத்துக் குழம்பில் போடுகிறார்கள். 1753-இல் லின்னேயஸ் அதற்குச் சூட்டிய 'ஹெமரோகாலிஸ்' என்ற பெயர், நாள் என்பதற்கும் அழகு என்பதற்குமான இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. காலையில் மலர்ந்த பூ இரவுக்குள் தொங்கிப் போகும். மறுநாள் அதே தண்டில் வேறொரு மொட்டு விரியும். குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டிய ரகங்கள் நம் சமவெளியில் நலிந்துவிடும். வருஷம் முழுதும் இலை விடுகிற ரகங்களே இந்த வெயிலுக்குத் தாக்குப் பிடிக்கும்.

நண்பருக்குக் கைமுழம் அகலத்துக்குப் பூக்கிற பெரிய பூக்களில் ஆசை கிடையாது. சின்னப் பூ வேண்டும். அதுவும் கோணல் பூவாக இருக்க வேண்டும். இந்தப் பூவுக்கு உள்ளே மூன்று, வெளியே மூன்று என்று ஆறு இதழ்கள். அவை சில செடிகளில் ஒழுங்காக விரியாமல் திருகிக்கொள்ளும். நடுவில் கிள்ளி விட்டதுபோல் ஒடுங்கும். சீவிய மரச்சுருள் மாதிரி பின்னால் சுருண்டு விழும். நுனி மட்டும் கரண்டிபோல் அகலும். இப்படிப்பட்ட பூக்களைத் தேடித் தேடிக் கலந்து, இன்னும் சிறியதாக, இன்னும் கோணலாக ஒன்றை உண்டாக்க வேண்டும் என்பது அவர் லட்சியம்.

அவருடைய வேலை விடியற்காலையில் நடக்கிறது. வெயில் ஏறிவிட்டால் மகரந்தம் பயனற்றுப் போகும். ஒரு பூவின் கேசரத்தைக் கிள்ளி எடுத்து வந்து, மற்றொரு பூவின் நீண்ட சூல்தண்டின் நுனியில் தொட்டு வைப்பார். காம்பில் ஒரு சீட்டைக் கட்டி, தாய் இன்னது, தந்தை இன்னது என்று எழுதுவார். ஒட்டினால், ஒன்றரை இரண்டு மாதத்தில் காய் வெடித்து, பளபளவென்று கறுப்பு விதைகள் கிடைக்கும். ஒட்டாதவையே அதிகம். முளைத்த நாற்றுகள் பூப்பதற்கு மேலும் இரண்டு வருஷம் ஆனாலும் ஆகும். இத்தனைக்கும் பிறகு, நூறு நாற்று பூத்தால் அவர் மனத்துக்குப் பிடிப்பவை இரண்டோ மூன்றோ. மற்றவை நல்ல பூக்கள்தாம். மஞ்சளும் கிச்சிலி நிறமுமாக, எந்த வீட்டு வாசலையும் நிறைக்கக்கூடியவைதாம். ஆனால் அவர் தேடியது அதுவல்ல. ஆகவே மண்வெட்டி வருகிறது.

அவருடைய தாயாருக்கு இது ஆகவே ஆகாது. கிராமத்துப் பெண்மணி. ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பூத்து நிக்கிற செடியைப் பிடுங்கறியே, கை கூசலையாடா உனக்கு?" என்று கேட்டார்.

"என்னம்மா பண்ணச் சொல்றே? இடம் இல்லியே!" என்றார் மகன்.

தாயின் கேள்வியும் மகனின் பதிலும் ஆளுக்கு ஒரு வரிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், மனிதன் தெரிந்தெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து நடந்துவரும் வழக்கின் வாதமும் பிரதிவாதமும் அந்த இரண்டு வரிகளில் இருக்கின்றன. வாதத்தையும் பிரதிவாதத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்க்கலாம்.

முதலில், 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று சொல்ல நாம் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எங்கிருந்து வந்தது? பூவிலிருந்து வரவில்லை என்பது நிச்சயம். இந்த டே லில்லியின் கதையே அதற்குச் சாட்சி. நியூயார்க் தாவரத் தோட்டத்தில் ஸ்டவுட் என்ற ஒரு விஞ்ஞானி பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்துப் பார்த்து மிகச் சிலவற்றுக்கே பெயர் வைத்தார். மஞ்சளும் கிச்சிலியுமாக இருந்த குலத்தில் சிவப்பு வேண்டும் என்பது அவர் தவம். 1934-இல் 'தீரன்' என்ற சிவப்புப் பூவை வெளியிட்டார். 1946-இல் அமெரிக்காவில் இந்தப் பூவுக்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. அதற்குப் பின் வந்த காலத்தில் வட்டமான, அகன்ற இதழுள்ள, மடிப்பு மடிப்பான பூவே லட்சணமான பூ என்று மோகம் பரவியது. ஒல்லி இதழும் திருகல் இதழும் பழுது என்று எண்ணிக் கழித்த தோட்டங்கள் உண்டு. நூற்றாண்டின் இறுதியில் காற்று மாறியது. கோணலுக்கென்றே 'வழக்கத்துக்கு மாறான வடிவம்' என்று ஒரு வகுப்பு ஏற்பட்டு, அதற்கு இலக்கணமும் எழுதி, பரிசும் வைத்தார்கள். பூ மூன்று அங்குலத்துக்குக் குறைந்தால் ஒரு வகுப்பு. மூன்று முதல் நாலரை அங்குலம் வரை இன்னொரு வகுப்பு. இன்று பெயர் பதிந்த ரகங்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். நேற்று எருக்குழிக்குப் போனதற்கு இன்று மாலை மரியாதை. பூ மாறவில்லை, பார்க்கிற கண் மாறியது.

கோணல் பூவைக் கொண்டாட நாம் அமெரிக்காவிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். நம் மாநில மலர் எது? செங்காந்தள். ஆறு இதழும் நெளிந்து, பின்னுக்கு வளைந்து, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறிக்கொண்டே இருக்கும் அதைவிடக் கோணலான பூ எங்கே இருக்கிறது? குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்திய கபிலர் காந்தளைத்தான் முதலில் வைத்தார். இன்றைக்குத் தாராபுரம், மூலனூர்ப் பக்கத்தில் இதையே கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். இதன் சூல்தண்டு, கேசரங்களோடு சேராமல் மடங்கி விலகிப் படுத்திருக்கும். ஆகவே விவசாயிகள் காலை வேளையில் கொடி கொடியாகப் போய், பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். நெய்வேலி நண்பர் ஆசைக்குச் செய்வதை அவர்கள் வயிற்றுக்காகச் செய்கிறார்கள்.

அளவுகோல் மாறுவதற்கு இன்னொரு சாட்சியும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1912-இல் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்பரும் வெங்கட்ராமனும் அங்கே, சாறு நிறைந்த வெள்ளைக் கரும்போடு, ஆற்றோரத்தில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு காட்டு நாணல் வகையைக் கலந்தார்கள். 1918-இல் 'கோ 205' பிறந்தது. இனிப்புக் கொடுத்தது கரும்பு. தாங்கும் சக்தியைக் கொடுத்தது நாணல். வட இந்தியாவின் வயல்களில் அது நின்று காட்டியது. கோயமுத்தூர்க் குடியானவன் ஒருவனிடம் முன்வருஷம் போய், "இந்த நாணலை வைத்துக்கொள், பிடுங்காதே" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. எது நாளைக்கு வேண்டியிருக்கும் என்பது இன்றைக்குத் தெரிவதில்லை. பிடுங்குகிற கை எப்போதும் அரை இருட்டில்தான் வேலை செய்கிறது.

சரி, அளவுகோல் நம்முடையது, அதுவும் மாறக்கூடியது. அதனால் தெரிந்தெடுப்பதே பாவமாகிவிடுமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாம் சாப்பிடுகிற அரிசி, கத்தரிக்காய், மாம்பழம் எல்லாமே நம் பாட்டன்மார் பிடுங்கி எறிந்த கோடிக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே தப்பித்து நின்றவை. தெரிந்தெடுக்காதவனுக்கு விவசாயம் இல்லை. கதை எழுதுகிறவனுக்கும் இது தெரியும். அடித்த வரிகளின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் பழகிய கண், தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அதே பார்வையோடு தெருவில் போகிறவர்களைப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதுதான் ஆபத்து.

இது வெறும் கற்பனைப் பயமில்லை. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்று ஒரு செடி வித்தகர் இருந்தார். பரமஹம்ச யோகானந்தர் 1946-இல் வெளியிட்ட தம் சுயசரிதையை அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். அவ்வளவு நல்ல மனிதர். பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்து, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மீதியைக் குவித்து எரித்தவர். 1907-இல் மனிதனையே ஒரு செடியாக வைத்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். குழந்தைகளை வெயிலிலும் காற்றிலும் அன்போடு வளர்க்கவேண்டும் என்றும், பல இனத்தவர் கலப்பது நல்லது என்றும் அதில் சொல்கிறார். படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தில், உடலிலும் மனத்திலும் குறையுள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்வதைத் தடுத்துவிடலாம் என்கிற இடமும் வருகிறது. அதே 1907-ஆம் வருஷம் அமெரிக்காவில் இந்தியானா மாநிலம், 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. இருபத்தாறு வருஷம் கழித்து, 1933-இல், ஜெர்மனியும் அப்படி ஒரு சட்டம் செய்தது. அதன் முடிவு எங்கே போய் நின்றது என்பதை உலகம் அறியும்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குவதற்குக் கால்சிசின் என்ற விஷத்தைப் பயன்படுத்தலாம் என்று பிளேக்ஸ்லீ 1937-இல் எழுதினார். இன்றைய டே லில்லிகளில் பாதிக்குப் பாட்டன் அந்த வித்தைதான். நம் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பதும் இதே கால்சிசின்தான். தாராபுரத்து விதை கடல் கடந்து போவது அதற்காகத்தான். பிளேக்ஸ்லீ வேலை செய்த இடம் நியூயார்க்குக்கு அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர். அதே ஊரில்தான், 1910 முதல் 1939 வரை, மனித வம்சங்களை நல்லது கெட்டது என்று தரம் பிரித்துப் பதிவு செய்து வைத்த அலுவலகமும் நடந்தது. ஒரு பக்கம் செடியைத் தரம் பிரிக்கிறார்கள். அடுத்த கட்டடத்தில் மனிதனைத் தரம் பிரிக்கிறார்கள். நடுவில் ஒரு புல்தரைதான். அதைத் தாண்டிப் போக எத்தனை அடி வைக்க வேண்டியிருக்கும்?

இதைக் கேட்ட நம்மவர் சிலர் உடனே வேறொரு நியாயம் சொல்வார்கள். "அவர்கள் செடியைச் சரியாகப் படிக்கவில்லை. செடி சொல்வது கலப்பின் பெருமையை அல்லவா? கலந்ததால்தான் கோ 205 வந்தது. கலந்ததால்தான் புதுப் பூ வருகிறது. ஆகவே சாதி கலக்க வேண்டும் என்பதற்குத் தோட்டமே அத்தாட்சி" என்பார்கள். தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாளையும் உதாரணம் காட்டுவார்கள். கோயமுத்தூர்க் கரும்பு நிலையத்தில் கரும்பையும் சோளத்தையும், கரும்பையும் மூங்கிலையும் கலந்து பார்த்தவர். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து உலகப் பயிர்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டவர். லண்டனுக்கு அருகே விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்சிசின் கொடுத்து வளர்த்தவர். ஈழவருக்கு நிகரான தீயர் குலத்தில் பிறந்து, சாதியும் பெண்மையும் தடையாக நின்ற காலத்தில் அத்தனையும் செய்தவர்.

ஜானகி அம்மாளுக்கு என் வணக்கம். ஆனால் இந்த வாதத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முடிவு எனக்குப் பிடித்த முடிவுதான், வழிதான் தவறு. சாதி ஒழிய வேண்டும் என்பதற்குக் கரும்பிடம் சாட்சி கேட்டால், நாளைக்கு ஒருவன் வேறொரு செடியைக் கொண்டுவந்து, "பார், இது கலந்ததும் நோஞ்சானாகிவிட்டது" என்று காட்டுவான். அப்போது என்ன சொல்வீர்கள்? சாதியை ஏற்றுக்கொள்வீர்களா? மாட்டீர்கள். ஆகவே உங்கள் நியாயம் ஆரம்பத்திலிருந்தே கரும்பில் இல்லை, வேறெங்கோ இருந்தது. இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்வது அவர்கள் ஒருவரையொருவர் விரும்பியதால். பிறக்கப் போகும் குழந்தை எத்தனை அங்குலம் வளரும் என்ற கணக்கால் இல்லை. மகரந்தத்துக்கு விருப்பம் கிடையாது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது என் நண்பரின் விருப்பம். மனிதரை அந்த மகரந்தத்தின் இடத்தில் வைத்துப் பேசும்போதே, நல்லதுக்குப் பேசினாலும் சரி, கெட்டதுக்குப் பேசினாலும் சரி, பாதித் தவறு நடந்துவிடுகிறது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. செடிக்கு உயிர் இல்லையா? உண்டு. மனிதன் உயர்ந்தவன், செடி தாழ்ந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா? அது சுலபமான பதில். அதே வாய் நாளைக்கு மனிதரிலும் உயர்வு தாழ்வு பேசும். எனக்குத் தோன்றுவது இதுதான்: தோட்டக்காரன் பாத்திக்கு வெளியே நிற்கிறான். அவன் பூக்கப் போவதில்லை. அவனை யாரும் அந்தப் பாத்தியில் வைத்து அளக்கப் போவதில்லை. மனிதர்கள் விஷயத்தில் அப்படி வெளியே நிற்க ஒருவருக்கும் இடம் கிடையாது. மனிதரைத் தரம் பிரிக்க மண்வெட்டியோடு வருகிறவனும் அதே பாத்தியில் முளைத்த நாற்றுதான். அவனுடைய முறுக்கும் கோணலும் அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஒரு நாற்று மற்ற நாற்றுகளைப் பார்த்து, "நான் தோட்டக்காரன்" என்று சொல்வதுதான் அந்தக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரிலும் பெர்லினிலும் நடந்த விபரீதம். நம் ஊர்ச் சாதிக் கட்டிலும் நடப்பது அதுவே.

இனி மகனின் பதிலுக்கு வருகிறேன். "இடம் இல்லியே!" தோட்டத்தைப் பொறுத்தவரை இது நேர்மையான பதில். முப்பது அடிக்கு இருபது அடி மண்ணில் ஐந்நூறு செடி நிற்க முடியாது. செடி அழகில்லை, அதனால் சாகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இடம் இருந்தால் வைத்துக்கொள்வேன் என்கிறார். குற்றத்தைச் செடியின் மேல் போடாமல் தம் தோட்டத்தின் சிறுமையின் மேல் போட்டுக்கொள்கிறார். அந்த மட்டில் அவர் யோக்கியர்.

ஆனால் இதே வார்த்தையை மனிதர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் நின்று, 'இடத்தை எடுத்துக்கொண்டது யார்?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. நெய்வேலியில் இந்தக் கேள்வி காற்றில் இருக்கிறது. சுரங்கமும் நகரியமும் இருக்கிற இடத்தில் முன்பு கிராமங்கள் இருந்தன. கொல்லை வைத்திருந்தவர்கள், கொத்தியவர்கள் எழுந்து போனார்கள். மின்சாரம் நாட்டுக்கெல்லாம் வந்தது. அந்த நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. இதை எழுதுகிற விளக்கும் மின்சாரத்தில்தான் எரிகிறது. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முன்னரே கையகப்படுத்திய நிலம் என்று சொல்லி, வாய்க்கால் வெட்டுவதற்காக, வயலில் நின்ற பச்சை நெல்லின் மேல் இயந்திரங்கள் இறங்கின. அறுவடை வரையில் பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. நிலத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று என்பது ஒரு பதில். அது கணக்குக்குப் பதில். நடவு நட்டவள் வரப்பில் நின்று அழுததற்கு அது பதிலாகுமா?

நண்பர் பிடுங்கிய டே லில்லியும் செடிதான். வளையமாதேவியில் மண்ணுக்குள் போன நெல்லும் செடிதான். முன்னதைக் கண்டு ஒரு தாயார் முகம் சுளித்தார். பின்னதைக் கண்டு ஒரு ஜில்லாவே பதறியது. ஏன்? நண்பர் பிடுங்கியது தாம் நட்டதை. தம் ஆசை, தம் உழைப்பு, தம் ஏமாற்றம்; மூன்றும் ஒரே ஆளுடையவை. அங்கே பிடுங்கிய கை வேறு, நட்ட கை வேறு. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டாலே உலகத்தில் நடக்கும் எத்தனையோ தெரிந்தெடுப்புகளைச் சரியா தவறா என்று அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நட்டவன் பிடுங்கினால் அது வேலை. நடாதவன் பிடுங்கினால், சட்டம் எதைச் சொன்னாலும், கை கூச வேண்டும்.

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் வடலூர் இருக்கிறது. 1867-இல் இராமலிங்க சுவாமிகள் அங்கே தருமசாலை தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த நெருப்பு இன்றும் அணையவில்லை. பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாக எடுத்துக்கொண்ட அந்த மகானுடைய கண்ணில் நண்பரின் தோட்டம் பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கடிந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் எருக்குழிப் பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்றிருப்பார். அந்த அடுப்பங்கரையில் வரிசையில் உட்காருகிறவனிடம், நீ யார், எவ்வளவு தேறுவாய் என்று யாரும் கேட்பதில்லை. பசிக்கிறதா என்பதுதான் அங்கே ஒரே தகுதி. ஒரு பக்கம் சலித்துச் சலித்து எடுக்கிற தோட்டம். பத்துக் கல் தொலைவுக்குள் சலிக்காமல் எல்லாருக்கும் இலை போடுகிற சாலை. மனிதனுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. எந்த விஷயத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது, எந்த விஷயத்தைச் சாலைக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் போவதில்தான் எல்லாத் தீங்கும் ஆரம்பமாகிறது. பூவைச் சலிக்கலாம், வசனத்தைச் சலிக்கலாம். பசித்தவனையும் பிறந்த குழந்தையையும் சலிக்கக் கூடாது.

தோட்டத்துக்குள்ளேயும் மரியாதையாகப் பிடுங்குவது என்று ஒன்று இருக்கிறது. தேர்ந்த டே லில்லிக்காரர்கள் முதல் பூவைப் பார்த்து முடிவு கட்டமாட்டார்கள். முதல் வருஷம் செடிக்குத் தன் வலு தெரியாது. பூ அரைகுறையாக வரும். அடுத்த வருஷம் அதே செடி வேறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதனால் இன்னொரு பருவம் பொறுத்துப் பார்க்கிறார்கள். நெய்வேலி நண்பரும் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார். கழித்தவற்றையும் எருக்குழியில் போடுவதில்லை. தாயார் அவற்றைச் சாக்கில் கட்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு முறுக்கு இதழ், கரண்டி இதழ் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. "சாமிக்கு வைக்கப் பூ" என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார். மகன் தேறாது என்று தள்ளியவை இரண்டு மூன்று தெருவில் வேலியோரமாகப் பூத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னும் சில வருஷத்தில் அவர் ஓய்வு பெறுவார். ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அடுத்து வருகிறவர் அந்த மண்ணில் முருங்கை வைப்பாரா, மோட்டார் வண்டி நிறுத்துவாரா என்பது தெரியாது. கிழங்கில் கொஞ்சம் எடுத்துப் போகலாம். தோட்டத்தை எடுத்துப் போக முடியாது. தெரிந்தெடுத்து, பெயர் வைத்து, சீட்டுக் கட்டி வளர்த்த செடிகளுக்கு அப்போது என்ன கதி ஏற்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. தள்ளிவிட்டதாக நினைத்தவை தெருக்களில் இருக்கும். வைத்துக்கொண்டதாக நினைத்தவை இருக்கின்றனவோ இல்லையோ. இது தெரிந்தும் அவர் விடியற்காலையில் எழுந்து மகரந்தம் தொட்டு வைக்கிறார். அதில் நான் ஒரு குறையும் காணவில்லை. ஒரு நாளைக்கு மேல் நில்லாத பூவுக்காக இரண்டு வருஷம் காத்திருக்கத் தெரிந்தவனுக்கு, தானும் இந்த இடத்தில் கொஞ்ச காலத்துக்கு இருப்பவன்தான் என்ற நினைவு இயல்பாக வந்துவிடும். அந்த நினைவு உள்ளவனுடைய கையில் மண்வெட்டியை நம்பிக் கொடுக்கலாம். பாத்திக்குத் தானே நிரந்தரச் சொந்தக்காரன் என்று எண்ணுகிறவனிடம்தான், அவன் நிலத்துக்கு அதிபதியானாலும் நாட்டுக்கு அதிபதியானாலும், கொடுக்கக் கூடாது.